அழைத்தால் வர வேண்டியவர்கள்

தோட்டத் தொழிற்சங்க வேலை என்றால் கொடி பிடிப்பதும் கூட்டம் போடுவதும்தான் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சங்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலையில் பாதி, பதில் சொல்ல வேண்டியவரை விசாரணை மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைப்பதிலேயே போய்விடும். சம்பளப் பாக்கியோ, ஆட்குறைப்புப் பணமோ, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமோ, எதுவானாலும் எதிர்த்தரப்பு வந்து உட்கார்ந்துவிட்டால் வழக்கு ஒரு வழிக்கு வந்துவிடும். அது தெரிந்துதான் அவர்கள் வரமாட்டார்கள். மேனேஜர் வெளியூர் போயிருப்பார். கணக்குப் புத்தகம் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் இருக்கும். வக்கீலுக்கு அன்றைக்கென்று வேறு கோர்ட்டில் வழக்கு இருக்கும். தேதி தள்ளிப்போகும். ஆட்களோ ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சிரம்பானுக்கு வந்து காத்திருப்பார்கள்.

ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவே ஒரு தோட்டம் இருந்தது. பெயர் இங்கே வேண்டாம். 1990-களில் சிரம்பானைச் சுற்றியிருந்த பல தோட்டங்களைப் போல அதுவும் வீடமைப்புக்குக் கைமாறியது. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்பு நலன் விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். தோட்டத்து ஆபீஸ் கொடுத்த கணக்கில் பழைய முதலாளியிடம் வேலை செய்த ஆண்டுகளெல்லாம் விடுபட்டிருந்தன. சிறு வயதிலேயே பால்வெட்டுக்கு இறங்கியவர்களுக்கு அந்த ஆண்டுகள்தான் பெரிய பணம். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தோம். முதல் தேதிக்கு மேனேஜர் வரவில்லை. அடுத்த தேதிக்கும் வரவில்லை.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பால்வெட்டுக்கார அம்மா காதோடு கேட்டார்: “ஏன் தம்பி, தொர வரலன்னா நம்ம கேசு அவ்வளவுதானா?”

“இல்லக்கா. இருங்க, ஆபீசரம்மா என்ன செய்றாங்கன்னு பாருங்க” என்றேன்.

அந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. அதிகம் பேசாதவர். கோப்பைத் திறந்து, பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையை எடுத்தார். தோட்டத்து ஆபீஸ் முத்திரையும் கிராணியின் கையெழுத்தும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டையிலிருந்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். பிறகு மலாயில், தொடங்கலாம் என்றார். எதிர்நாற்காலி காலியாக இருக்கும்போதே விசாரணை ஆரம்பமானது. அந்த அம்மா சத்தியம் செய்துவிட்டுத் தன் பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார்: சம்பளப் பதிவேடான செக்ரோலின் நகல், இ.பி.எஃப். கணக்குச் சீட்டுகள், கூடவே தன் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள். அவை எதற்கு என்று அதிகாரி கேட்டார். ஒவ்வொரு பத்திரத்திலும் பெற்றோர் முகவரி என்ற இடத்தில் அதே தோட்டத்தின் பெயர் இருந்தது. மூத்த பிள்ளையிலிருந்து கடைக்குட்டி வரை வரிசையாக வைத்துப் பார்த்தால், தோட்டத்துக் கணக்கில் விடுபட்ட ஆண்டுகள் அத்தனையும் அங்கே இருந்தன. அடுத்த தேதிக்கு மேனேஜர், வக்கீலோடு, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு தொழிலாளர் இலாகாவுக்கு விசாரணை அதிகாரம் தருகிறது. 70-ஆவது பிரிவு அந்த விசாரணை நடக்க வேண்டிய முறையைச் சொல்கிறது. புகார் கொடுத்தவர் வராவிட்டால் புகாரைத் தள்ளிவிடலாம். புகாருக்கு ஆளானவர் வராவிட்டால், அவருக்குப் பாதகமாக முடிந்தாலும் சரி என்று, அவர் இல்லாமலேயே கேட்டு முடிவு செய்யலாம். முடிவான உத்தரவைச் செஷன்ஸ் கோர்ட் மூலமாக நிறைவேற்றிக்கொள்ளலாம். அந்த அதிகாரி யாரையும் சிறைக்கு அனுப்புவதாக மிரட்டவில்லை. அழைத்ததற்குச் சாட்சி இருந்தது, வராவிட்டாலும் வேலை நிற்கவில்லை, தீர்ப்பை நிறைவேற்றித் தர இன்னொரு கை காத்திருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சம்மன் வெறும் காகிதமாகிவிடும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. தோட்டங்களில் உள்விசாரணை என்று ஒன்று நடக்கும். கொட்டுப்பாலில் தண்ணீர் கலந்தார், மண்டோரை எதிர்த்துப் பேசினார், குலையைப் பழுக்குமுன் வெட்டினார் என்று ஒரு தொழிலாளி மேல் குற்றச்சாட்டு வரும். கடிதத்தில் கையெழுத்திட்டவர் மேனேஜர். விசாரணைக்குத் தலைமை தாங்குபவர் அவருடைய உதவி மேனேஜர், சில இடங்களில் மேனேஜரே. எழுதுபவர் ஆபீஸ் கிராணி. வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் சில சமயம் விசாரணைக்கு முன்பே தட்டச்சாகியிருக்கும். நாங்கள் ஆள் தவறு செய்தாரா இல்லையா என்று வாதாடுவதற்கு முன்னால், குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வாதாடுவோம். தொழிலியல் நீதிமன்றம் வரைக்கும் போய் அந்த ஒரு காரணத்தை வைத்து ஆட்களை மீட்டிருக்கிறோம்.

இந்த இரண்டு பாடங்களையும் வைத்துத்தான் நான் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் பார்க்கிறேன். மக்கள் பிரதிநிதிகள் ஓர் அதிகாரியையோ அமைச்சரையோ விசாரணைக்கு அழைக்கிறார்கள், அவர் வர மறுக்கிறார், அல்லது வந்து வாய் திறக்க மறுக்கிறார். அப்போது அவை என்ன செய்ய முடியும்? சபை அவமதிப்பு என்று சொல்லித் தண்டிக்கலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் எழுதி வைத்திருக்கின்றன. யாரைத் தண்டிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2009-இல் பேராவில் நடந்ததை நம் மக்கள் நன்றாகவே நினைவில் வைத்திருப்பார்கள். 2008 தேர்தலில் பக்காத்தான் கூட்டணி அங்கே ஆட்சிக்கு வந்தபோது வி. சிவகுமார் சபாநாயகரானார். இந்நாட்டில் ஒரு சட்டமன்றத்துக்குச் சபாநாயகரான முதல் இந்தியர் அவர். ஓராண்டு முடிவதற்குள் மூன்று உறுப்பினர்கள் அணி மாறி, 59 பேர் கொண்ட சட்டமன்றத்தில் ஆட்சி கவிழ்ந்தது. பிப்ரவரி 6-ஆம் தேதி சம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசாராக, அதாவது மாநில முதல்வராக, பதவியேற்றார். அவர் பதவியேற்றதே சபையை அவமதித்தது என்று கெனிங் உறுப்பினர் வோங் கா வோ புகார் கொடுத்தார். உரிமைக் குழு கூடியது. குழுவுக்குத் தலைவர் சபாநாயகர். பிப்ரவரி 18-ஆம் தேதி மந்திரி பெசாருக்கு 18 மாதமும், ஆறு ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு 12 மாதமும் இடைநீக்கம். அன்றைய மாநில அரசு முழுவதையுமே சபைக்கு வெளியே நிறுத்தியாயிற்று.

அந்த வாரம் சிலியாவ் ஒட்டுக்கடையிலும் லாபு பஸ் நிறுத்தத்திலும் வேறு பேச்சே இல்லை. நம் பிள்ளை ஒருவர் அங்கி போட்டுக்கொண்டு, மந்திரி பெசாரையே ‘வெளியே நில்’ என்கிறாரே என்று பெரியவர்கள் பூரித்துப்போனார்கள். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் தொழில் பழக்கம் விடவில்லை. அந்த நடவடிக்கையில் நான் பார்த்தது ஓர் உள்விசாரணை. புகார் ஒரு தரப்புடையது. குழுத் தலைவர் அதே தரப்பு. தண்டனையின் விளைவு, வாக்கெடுப்பில் எதிர்த்தரப்பின் எண்ணிக்கை ஏழு குறைவது. அணி மாறியவர்களை வைத்து ஆட்சியைப் பிடித்தது நியாயமா என்றால், இல்லை என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பேரா மக்கள் தேர்தலுக்குப் போயிருக்க வேண்டும். அந்த அநியாயத்தைச் சரிசெய்ய எடுத்த கருவி வேறு வேலைக்கு உரியது. உண்மையை வெளியே கொண்டுவரத்தான் அவமதிப்பு அதிகாரம் இருக்கிறது. அங்கே கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டிய விசாரணையே இல்லை. தீர்ப்பு ஏற்கெனவே தயார்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனதும் இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. இதைப் பலர் கவனிக்கவில்லை. சபாநாயகர் தமக்காகச் சொந்த வழக்கறிஞர்களை அமர்த்திக்கொண்டார். அது செல்லாது, மாநிலச் சட்ட ஆலோசகர்தான் அவருக்காக வாதாட வேண்டும் என்று ஈப்போ உயர் நீதிமன்றம் மார்ச் 3-ஆம் தேதி சொன்னது. மாநிலச் சட்ட ஆலோசகர் யார்? மாநில அரசுக்கு ஆலோசனை சொல்பவர். அந்த அரசைத்தான் சபாநாயகர் தண்டித்திருந்தார். தோட்டத்தோடு வழக்கு நடத்தும் தொழிலாளியிடம், உனக்காகத் தோட்டத்து வக்கீலே பேசுவார் என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அதே நாளில்தான் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைய விடாததால், ஈப்போவில் ஒரு மழைமரத்தடியில் சிவகுமார் சபையைக் கூட்டினார்.

ஏப்ரல் 16-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஏகமனதாக, அந்த இடைநீக்கம் சபாநாயகரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைகளை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கக் கூடாது என்று கூட்டரசு அரசமைப்பின் 72-ஆவது பிரிவு சொல்கிறதே, பிறகு நீதிமன்றம் எப்படி உள்ளே வந்தது என்ற கேள்வியைச் சட்டம் தெரிந்தவர்கள் இன்னும் விடவில்லை. முடிவு சரியாக இருக்கலாம். வழி திறந்ததுதான் கவலை. நாளைக்கு நியாயமாகவே ஒரு குழு ஓர் அதிகாரியைத் தண்டித்தால் அவரும் அதே வழியில் கோர்ட்டுக்குப் போவார். மே 7-ஆம் தேதி சபை கூடியபோது போலீஸ்காரர்கள் சிவகுமாரை அங்கியோடு மண்டபத்துக்கு வெளியே இழுத்துச் சென்றார்கள். ம.இ.கா.வைச் சேர்ந்த ஆர். கணேசன் புதிய சபாநாயகர் என்று அறிவிக்கப்பட்டது. தமிழர் ஒருவரை இறக்கித் தமிழர் ஒருவரை ஏற்றியதை வைத்து அன்று பலவாறாகப் பேசினார்கள். நான் பார்த்தது போலீசை. சபையின் உத்தரவை நிறைவேற்றச் சபைக்கென்று இருப்பது ஒரு சார்ஜன்ட். அரசிடம் இருப்பது காவல் துறை முழுவதும்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில் அன்வார் அமைச்சரவை அமைந்தபோது சம்ரி வெளியுறவு அமைச்சர், சிவகுமார் மனிதவள அமைச்சர். எங்கள் தொழிலாளர் இலாகாவே சிவகுமாரின் பொறுப்பில் வந்தது. இருவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

பேராவில் நடந்ததற்கு நேர்மாறான கதை, அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியுடையது. இது எங்கள் மாநிலத்துக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. லுக்குட் பக்கம் கடலோரமாக இருக்கும் ஜிமா நிலக்கரி மின் நிலையத்தின் பெரும்பங்கை 1எம்டிபி 2014-இல் வாங்கியது. பக்கத்திலேயே எழும்பிய இன்னொரு மின் நிலையத் திட்டமும் அதன் கைக்கு வந்து, நடத்த முடியாமல், அடுத்த ஆண்டே தெனாகா மின் நிறுவனத்துக்குப் போனது. போர்ட்டிக்சன் தோட்டங்களிலிருந்து வேலை இழந்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கட்டுமானத்தில் கூலிக்குப் போனார்கள். கம்பெனி கடனில் தத்தளிக்கிறது என்ற செய்தி பேப்பரில் வந்தபோது, வேலை நிற்குமா என்று என்னைத்தான் வந்து கேட்டார்கள்.

நாடாளுமன்றத்தில் இதை விசாரிக்க வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழு. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 2015 மார்ச்சில் விசாரணைக்கு வழி பிறந்தது. மே மாதம் முதல் சாட்சியாக நிதியமைச்சின் தலைமைச் செயலாளர் வந்தார். அடுத்து நிறுவனத்தின் தலைவர் அருள் கந்தாவும் முன்னாள் தலைமை நிர்வாகி ஷாரோல் ஹால்மியும் வர வேண்டும். மே மாதக் கடைசியில் குறித்த தேதிக்கு இருவரும் வரவில்லை. வேறு தேதி கொடுக்கப்பட்டது. எனக்கு அந்தச் செய்தி தினமும் பார்த்த கோப்பைப் போலவே இருந்தது. மேனேஜர் வெளியூர், கணக்குப் புத்தகம் வேறிடம். ஆனால் எதிர்நாற்காலி காலியாக இருக்கும்போதே, தொடங்கலாம் என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லை.

பிறகு ஜூலை 28. பிரதமர் நஜிப் அமைச்சரவையை மாற்றினார். துணைப் பிரதமர் முகைதின் நீக்கப்பட்டார். சட்டத்துறைத் தலைவரின் பணி முடிக்கப்பட்டது. குழுத் தலைவர் நூர் ஜஸ்லான் துணையமைச்சரானார். குழுவிலிருந்த இன்னும் மூன்று பேருக்கும் அரசாங்கப் பதவி. அமைச்சில் இருப்பவர் குழுவில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே குழு நின்றது. யாரும் சம்மனை மறுக்கவில்லை, யாரும் சபையை அவமதிக்கவில்லை, விதிப்படியே எல்லாம் நடந்து விசாரணை மட்டும் நின்றுபோனது. தொழிலாளர் இலாகாவில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது விசாரணை அதிகாரியைத் தோட்டமே வேலைக்கு எடுத்துக்கொண்டு போக முடிந்தால் எங்கள் ஆட்களின் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அக்டோபரில் ஹசான் அரிஃபின் புதிய தலைவரானார். செய்தியாளர்களிடம் பேசும்போது தாமும் ‘சாரி மாக்கான்’, அதாவது பிழைப்பு, பார்க்க வேண்டியவர்தான் என்று அவர் சொன்ன வார்த்தை நாடு முழுக்கப் பரவியது. பிழைப்புக்குப் பயந்து வாய்மூடி நின்றவர்களை நான் தோட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாதச் சம்பளம் நின்றால் பிள்ளைகளுக்குச் சோறில்லாத கிராணிகள் அவர்கள். அவர்கள் சொன்னால் புரிந்துகொள்வேன். பிரதமரையும் கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒரு குழுவின் தலைவர் அப்படிச் சொல்லக் கூடாது. பிரதமரைக் குழு கடைசி வரை அழைக்கவே இல்லை.

இந்த விவகாரம் நடந்துகொண்டிருந்தபோது நாடாளுமன்றம் ஒருவரைத் தண்டித்தது. 2015 அக்டோபர் 22-ஆம் தேதி, ஆறு மாத இடைநீக்கம். தண்டனை பெற்றவர் கேலாங் பாத்தா உறுப்பினர் லிம் கிட் சியாங். குழுவின் விசாரணை நின்றது தொடர்பாகச் சபாநாயகரைக் குறை சொன்னார், மன்னிப்புக் கேட்க மறுத்தார் என்பது குற்றம். சாட்சி சொல்ல வராதவர் மேல் ஒரு தீர்மானமும் இல்லை. விசாரணை ஏன் நின்றது என்று கேட்டவர்தான் வெளியே போனார். இந்த ஒரு சம்பவத்தை இளைய சங்க அலுவலர்களுக்கு நான் வகுப்பெடுக்கும்போதெல்லாம் சொல்வேன். ஓர் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று சட்டப் புத்தகத்தில் தேடாதீர்கள், கடைசியாக அது யார் மேல் விழுந்தது என்று பாருங்கள் என்பேன்.

இதற்கு வேர் வெகு பழையது. நாடாளுமன்ற உரிமைகளையும் அதிகாரங்களையும் சொல்லும் நம் சட்டம் 1952-ஆம் ஆண்டுச் சட்டம். மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்ததே 1955-இல்தான். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் நியமன உறுப்பினர்கள். அரசையே கேள்வி கேட்கும் ஒரு சபையை யாரும் அன்று மனதில் வைத்து எழுதியிருக்க முடியாது. சபையின் மானத்தை வெளியாட்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் நோக்கம். தமிழ்நாட்டிலும் அதே மரபுதான். 1987-இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் மூன்றாம் நாளே விடுவித்தார்கள்.

அரசு அதிகாரிகளைத் தண்டித்த இந்திய உதாரணமும் உண்டு. கான்பூரில் 2004-இல் ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தடியால் அடித்த வழக்கில், உத்தரப் பிரதேச சட்டமன்றம் ஆறு போலீஸ்காரர்களைக் கூண்டில் நிறுத்தி, நள்ளிரவு வரை காவல் என்று தண்டனை விதித்தது. அது நடந்தது 2023 மார்ச் 3-ஆம் தேதி. சம்பவத்துக்கும் தண்டனைக்கும் நடுவே பதினெட்டு ஆண்டு ஓடி, அடிபட்டவரின் கட்சியே ஆட்சியிலும் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் 1982-இல் நச்சுக்கழிவு தொடர்பான ஆவணங்களைத் தர மறுத்ததற்காகச் சுற்றுச்சூழல் துறைத் தலைவி ஆன் கோர்சச்சை அவமதிப்புக் குற்றவாளி என்று பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. வழக்குத் தொடர வேண்டிய அரசு வழக்கறிஞர் அதை நடுவர் குழுவின் முன் கொண்டுபோகவே இல்லை. அவரும் அதே அரசின் ஊழியர். சபைக்கு உண்மையிலேயே பலன் கிடைத்த இடம் பிரிட்டன். 2018 டிசம்பர் 4-ஆம் தேதி, பிரெக்சிட் பற்றிய சட்ட ஆலோசனையை முழுவதும் வெளியிடாததற்காக அரசே அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளானது என்று 311-க்கு 293 என்ற கணக்கில் மக்களவை தீர்மானித்தது. மறுநாளே அந்த ஆவணம் வெளியானது. யாரையும் சிறையில் தள்ளவில்லை. ஆளுங்கட்சிக்குச் சொந்தப் பெரும்பான்மை இல்லாத சபை அது. அதுதான் வித்தியாசம்.

1எம்டிபி அறிக்கை 2016 ஏப்ரல் 7-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்கு வந்தது. தேசியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை அதிகாரத்துவ ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டு, 2018-இல் ஆட்சி மாறிய பிறகுதான் வெளியே வந்தது. குழுவுக்குப் போகுமுன் அந்தத் தணிக்கை அறிக்கை திருத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டில் நஜிப் மீதும் அருள் கந்தா மீதும் 2018 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது, அதுவும் 2023 மார்ச் 3-ஆம் தேதியே. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த வழக்கு நாடாளுமன்றத்தின் வழக்கு அல்ல, ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் அரசு போட்ட வழக்கு. குழுவின் கைக்கு வந்த காகிதம் முழுமையானதா என்பது குழுவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தோட்டத்திலிருந்து வரும் செக்ரோல் நகலை மூலப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி.

அந்த அறிக்கையோடு சாட்சியங்கள் சொல்லுக்குச் சொல் பதிவாகி இணைக்கப்பட்டிருந்தன. அதைப் படிக்க எனக்குப் பல வாரம் பிடித்தது. மூடிய கதவுக்குள் நடந்த விசாரணை அது. கேள்வி ஒன்றாகவும் பதில் வேறாகவும் போகும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். சிறைத்தண்டனையைவிட ஓர் அதிகாரி பயப்பட வேண்டியது அந்தப் பக்கங்களுக்குத்தான். யார் எந்தத் தேதிக்கு அழைக்கப்பட்டார், யார் வரவில்லை, வந்தவர் எந்தக் கேள்விக்கு நழுவினார் என்பது அச்சில் இருந்தால் அது அழியாது.

நிலைமை மாறாமலும் இல்லை. 2018-இல் பக்காத்தான் அரசு எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரொனால்ட் கியாண்டியைப் பொதுக் கணக்குக் குழுத் தலைவராக்கியது நல்ல தொடக்கம். 2022 ஆகஸ்டில் கரையோரப் போர்க்கப்பல் கொள்முதல் பற்றிய அறிக்கை வந்தபோது குழுத் தலைவர் வோங் கா வோ. பேராவில் அன்று புகார் கொடுத்தவரேதான். 900 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம், 600 கோடி கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட வரவில்லை என்பதை அந்த அறிக்கை கூட்டிக்கழித்துக் காட்டியது. கோபமான வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. பேரா உரிமைக் குழுவைவிட இந்தக் குழுவில்தான் அவருடைய திறமை தெரிந்தது என்பது என் கருத்து. 2023-இல் தலைவரான மஸ் எர்மியாத்தி, 2015-இல் பதவி கிடைத்துக் குழுவை விட்டுப் போன நால்வரில் ஒருவர். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற சேவைச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. 1963-இல் இயற்றப்பட்டு 1992-இல் நீக்கப்பட்ட சட்டம் மறுபடி வந்திருக்கிறது. நாடாளுமன்றம் தன் ஊழியர்களைத் தானே நியமித்து, தன் பணத்தைத் தானே கையாளும் என்பது அதன் சாரம். ஈப்போவில் சபாநாயகருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதே கையோடு திருத்த வேண்டும். அழைத்தவர் வராவிட்டால் குழு தன்னிடம் உள்ள சாட்சியத்தை வைத்து முடிவு எழுதலாம், வராததை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு போதும். சிரம்பான் தொழிலாளர் இலாகாவுக்குக் கொடுத்த அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

எனக்கு இதில் அக்கறை ஏன் என்றால், எங்கள் தோட்டங்கள் போன வழியும் இதுதான். நிலம் மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற அனுமதி கொடுப்பது மாநில அரசு. நீலாயிலிருந்து செண்டாயான் வரை பால்மரம் நின்ற மண்ணில் இன்று ஊர்கள் நிற்கின்றன. அனுமதி கொடுக்கும்போது தொழிலாளிக்கு வீடு, தமிழ்ப்பள்ளிக்கு நிலம், கோயிலுக்கு இடம் என்று வாக்குறுதிகள் எழுதப்பட்டன. சில இடங்களில் வீடு வந்தது, பள்ளிக்கு நல்ல நிலமும் கிடைத்தது. சில இடங்களில் நாங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனோம். மேனேஜரை நான் லேபர் ஆபீசுக்கு வரவழைக்க முடிந்தது. நிபந்தனை எழுதிய அதிகாரியையோ அதை நிறைவேற்றாமல் விட்டவரையோ வரவழைக்க எந்தச் சங்கத்துக்கும் வழியில்லை. மாநிலச் சட்டமன்றம்தான் அதைச் செய்ய முடியும்.

ஆகவே என்னைப் பார்க்க வரும் சட்டமன்ற உறுப்பினர்களிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரே விண்ணப்பத்தைத்தான் வைக்கிறேன். ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நில அலுவலகக் கோப்பைக் கணக்குக் குழுவுக்கு வரவழையுங்கள். அனுமதியோடு எழுதிய நிபந்தனைகளைப் படியுங்கள். பொறுப்பான அதிகாரிக்குத் தேதி கொடுத்து, கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். வந்தால் கேளுங்கள். வராவிட்டால், தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் வரவில்லை என்பதையும் தேதியோடு எழுதி, அறிக்கையைச் சபையில் வையுங்கள். சாட்சி சொல்லக் காகிதங்களோடு ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். யார் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.